மஷூராவின் மாண்பு: காயிதே மில்லத் அவர்களின் வாழ்வு தரும் படிப்பினை

புகழனைத்தும் ஏக வல்லோனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

ஆண்டறிக்கை மலரில் நோன்பு, ஜகாத், பெற்றோரைப் பேணுதல் போன்ற தலைப்புகளில் எழுதி வந்த நாம், இம்முறை மஷூரா, அதாவது கலந்தாலோசித்து முடிவெடுத்தல் என்னும் பொருளை எடுத்துக்கொண்டுள்ளோம். அதற்குக் காரணம் உண்டு. மதரஸாவுக்கு மேல்தளம் எழுப்புவதா, பள்ளிவாசலின் பின்புறச் சரிவில் தடுப்புச் சுவரை முதலில் கட்டுவதா என்ற கேள்வி இப்போது நம் பெர்ன்ஹில் ஜமாஅத்தின் முன் நிற்கிறது. 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் நீலகிரியெங்கும் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டதை மறக்க இயலாத பெரியவர்கள் சுவரைக் கேட்கின்றனர். மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் நெருங்கி அமர்ந்து ஓதுவதை நாள்தோறும் காணும் பெற்றோர் மாடியைக் கேட்கின்றனர். இரு சாராரின் நோக்கமும் நன்றே. ஆயினும் சென்ற கூட்டம் பாதியில் கலைந்தது. அதன் பின்னர் சிலர் ஒரே ஸஃப்பில் நின்று தொழுதுவிட்டு, வெளியே வந்ததும் ஸலாம் சொல்லாமல் பிரிந்து செல்கின்றனர். இக்காட்சி நம் உள்ளத்தை மிகவும் வருத்துகிறது.

எதை முதலில் கட்டுவது என்று கூற நாம் இதனை எழுதவில்லை. அதனை முடிவு செய்யும் பொறுப்பு உங்களுடையது. எவ்வாறு பேசி முடிவெடுப்பது, முடிவெடுத்த பின் எவ்வாறு நடந்துகொள்வது என்பதை நம் தமிழ் மண்ணில் பிறந்து மறைந்த ஒரு தலைவரின் வாழ்விலிருந்து எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

மஷூரா என்பதன் பொருள்

மஷூரா, ஷூரா ஆகிய அரபுச் சொற்களின் வேரை ஆராயும் அறிஞர்கள், தேன்கூட்டிலிருந்து தேனை எடுப்பதைக் குறிக்கும் சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது என்பர். மலையில் வாழும் நமக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். செங்குத்தான பாறையில் கயிற்றில் இறங்கித் தேனெடுக்கும் குறும்பர் ஒருபோதும் தனியே செல்வதில்லை. இறங்குபவர் ஒருவர், மேலே கயிற்றைப் பிடிப்பவர் இன்னொருவர். பிடித்திருப்பவர் மீது நம்பிக்கை இல்லாவிடில் இறங்க முடியாது. பலரது அறிவிலிருந்து நன்மையைத் திரட்டும் மஷூராவும் அத்தகையதே.

திருமறையின் 42ஆவது அத்தியாயத்திற்கே அஷ்ஷூரா என்று பெயர். இறைநம்பிக்கையாளர்களின் பண்புகளை எடுத்துரைக்கும்போது, தொழுகைக்கும் தானத்திற்கும் இடையே கலந்தாலோசனையையும் வைத்துப் பேசுகிறது அந்த அத்தியாயம். ஆகவே மஷூரா வெறும் நிர்வாக நடைமுறை அன்று. அது வணக்கத்தைச் சார்ந்த ஒழுக்கம்.

ஹிஜ்ரி மூன்றாம் ஆண்டில் நடைபெற்ற உஹதுப் போரை நாம் அனைவரும் அறிவோம். மதீனாவுக்குள்ளேயே இருந்து எதிரிகளைச் சந்திக்கலாம் என்பது நபி (ஸல்) அவர்களின் எண்ணமாக இருந்தது. பத்ரில் கலந்துகொள்ளும் வாய்ப்பை இழந்த இளைஞர்களோ வெளியே சென்று போரிட விரும்பினர். பெரும்பாலோர் கருத்து அதுவாகவே இருந்ததால் நபி (ஸல்) அவர்கள் அதனை ஏற்றுப் போர்க்கவசம் அணிந்து வந்தார்கள். இளைஞர்கள் வருந்தி, தம் கருத்தைத் திரும்பப் பெற முன்வந்தபோதும், எடுத்த முடிவை மாற்ற நபி (ஸல்) அவர்கள் இசையவில்லை. அப்போரில் முஸ்லிம்களுக்குப் பெரும் இழப்பு நேர்ந்தது. ஹம்ஸா (ரலி) அவர்கள் உள்ளிட்ட எழுபதின்மர் ஷஹீதாயினர்.

இங்குதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அந்த இழப்பிற்குப் பிறகு அருளப்பட்ட ஆலு இம்ரான் அத்தியாயத்தில், தோழர்களை மன்னித்து அவர்களிடம் ஆலோசனை கேட்குமாறே நபி (ஸல்) அவர்களுக்குக் கட்டளை வந்தது. ஆலோசனையால் வந்த விளைவு கசப்பாக இருந்தும் ஆலோசனை கைவிடப்படவில்லை. அவ்வாறாயின் மஷூராவின் மதிப்பு, முடிவு நமக்குச் சாதகமாக அமைவதில் இல்லை என்பது தெளிவாகிறது.

பேட்டை தந்த பெருமகனார்

மர்ஹூம் எம். முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள் 1896 ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார்கள். தந்தையார் மியாகான் ராவுத்தர் அவர்கள் மார்க்க அறிவும் வணிகமும் ஒருங்கே பெற்றவர். இளமையிலேயே தந்தையை இழந்த அவர்களை அன்னையார் வளர்த்தெடுத்தார். பதின்மூன்று வயதில், 1909ஆம் ஆண்டில், ஊரிலிருந்த இளைஞர்களைத் திரட்டி ஒரு சங்கம் கண்டார்கள். 1920ஆம் ஆண்டில் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது பட்டப்படிப்பின் இறுதித் தேர்வை எழுதாமலே கல்லூரியை விட்டு வெளியேறினார்கள். பின்னர் வணிகத்தில் ஈடுபட்டார்கள். முஸ்லிம் லீகில் சேர்ந்து சென்னை மாகாணத் தலைவரானார்கள். 1946ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக விளங்கி, 1952 வரை அப்பொறுப்பில் இருந்தார்கள். சமுதாயம் அவர்களைக் காயிதே மில்லத், அதாவது சமுதாயத்தின் தலைவர், என்று அழைத்தது.

அவர்களது அரசியல் கருத்துகளை ஏற்பவர் நம் ஜமாஅத்திலும் உண்டு, ஏற்காதவரும் உண்டு. நாம் இங்கே எக்கட்சிக்கும் பரிந்து பேசவில்லை. ஆலோசனை மன்றத்தில் அவர்கள் நடந்துகொண்ட முறையை மட்டுமே பார்க்கிறோம்.

வென்ற சபை

நாடு பிரிக்கப்பட்ட பின், 1947 டிசம்பர் 14, 15 ஆகிய நாட்களில் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீகின் கவுன்சில், இரு நாடுகளுக்கும் அமைப்பைத் தனித்தனியே பிரிப்பதென்று தீர்மானித்தது. பாகிஸ்தான் பகுதிக்கு லியாகத் அலீ கான் அவர்களும், இந்தியப் பகுதிக்கு இஸ்மாயில் சாஹிப் அவர்களும் அமைப்பாளர்களாக நியமிக்கப்பட்டனர்.

இந்தியாவில் எஞ்சிய முஸ்லிம்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். வடக்கே குருதி வெள்ளம் ஓய்ந்திருக்கவில்லை. தலைவர்கள் பலர் எல்லை கடந்து சென்றுவிட்டனர். பிரிவினைக்குக் காரணமான அமைப்பு என்ற பழியை லீக் சுமந்து நின்றது. அதே டிசம்பர் இறுதியில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்கள் லக்னோவில் கூட்டிய மாநாடு, முஸ்லிம்கள் தனி அரசியல் அமைப்புகளைக் கலைத்துவிட்டுக் காங்கிரசில் இணைய வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. சமுதாயத்தின் பாதுகாப்பை நாடி எழுந்த கருத்தே அது. 1948 ஜனவரி 30ஆம் நாள் மகாத்மா காந்தி அவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மதத்தின் பெயரால் இயங்கும் எந்த அமைப்பையும் நாடே ஐயத்துடன் நோக்கிய நேரம் அது.

அந்நிலையில் அமைப்பாளராகிய இஸ்மாயில் சாஹிப் அவர்கள் முன் இரண்டு எளிய வழிகள் இருந்தன. அமைப்பு கலைக்கப்பட்டதென ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கலாம். நாட்டின் பெரும்பகுதி பாராட்டியிருக்கும். அல்லது அமைப்பு தொடரும் எனத் தாமே அறிவித்திருக்கலாம், ஆதரவாளர்கள் மகிழ்ந்திருப்பர். அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. முடிவெடுக்கும் உரிமை கவுன்சிலுக்கு உரியது எனக் கருதி, இந்தியப் பகுதி உறுப்பினர்களைச் சென்னைக்கு அழைத்தார்கள்.

1948 மார்ச் 10ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த நாற்பதாவது நாளில், இன்று ராஜாஜி மண்டபம் என அழைக்கப்படும் அரசு விருந்து மண்டபத்தில் அக்கூட்டம் நடைபெற்றது. திப்பு சுல்தான் ஷஹீது (ரஹ்) அவர்கள் 1799இல் வீழ்ந்ததையும், அதற்கு முன் பிளாசியில் பெற்ற வெற்றியையும் கொண்டாட ஆங்கிலேயர் 1802இல் கட்டி முடித்த மண்டபம் அது. திப்புவின் வீழ்ச்சிக்குப் பின்னரே நம் நீலகிரியும் கும்பெனியார் கைக்குப் போயிற்று. ஆங்கிலேயர் வெற்றி விழாவுக்காக எழுப்பிய அதே மண்டபத்தில், விடுதலை பெற்ற நாட்டின் முஸ்லிம்கள் தம் எதிர்காலத்தைப் பற்றி ஆலோசிக்க அமர்ந்தனர்.

வடமாநிலங்களிலிருந்து வந்தவர் சிலரே, பெரும்பாலோர் தென்னகத்தவர். கலைத்துவிடலாம் என்ற கருத்தும் அச்சபையில் இடம்பெற்றது. அவ்வாறு கருதியவர்களின் அச்சம் பொய்யான அச்சமன்று. அதனைக் கேட்டறிந்த பின்னரே, இந்திய யூனியன் முஸ்லிம் லீக் என்ற பெயரில் அமைப்பைத் தொடர்வதெனச் சபை முடிவு செய்தது. இஸ்மாயில் சாஹிப் அவர்கள் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அழைத்தவர் அவர்களே எனினும், முடிவு சபையின் முடிவாக இருந்தது. பின்னாளில் எத்தனையோ ஏச்சுகள் வந்தபோதும் அம்முடிவு நிலைத்து நின்றமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். தனி மனிதர் எடுத்த முடிவு அவரோடு தளர்ந்துவிடும். கலந்து எடுத்த முடிவைத் தாங்கப் பல தோள்கள் உண்டு.

தோற்ற சபை

அரசியல் நிர்ணய சபையிலும் அவர்கள் உறுப்பினராக இருந்தார்கள். அங்கே அவர்கள் பக்கம் பெரும்பான்மை இல்லை. தாம் கொண்டுவரும் திருத்தங்கள் தோற்கும் என்பதை அறிந்தே எழுந்து பேச வேண்டிய இடம் அது.

1948 நவம்பர் 23ஆம் நாள், பொது உரிமையியல் சட்டம் பற்றிய வரைவு விதி விவாதத்திற்கு வந்தபோது, எந்தச் சமுதாயமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்னும் திருத்தத்தை அவர்கள் முன்மொழிந்தார்கள். கே. எம். முன்ஷி, அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர் போன்ற சட்ட மேதைகள் மறுத்துப் பேசினர். திருத்தம் நிராகரிக்கப்பட்டது. எனினும் டாக்டர் அம்பேத்கர் அவர்கள் தம் மறுமொழியில், பிற்காலப் பாராளுமன்றம் தொடக்கத்தில் அச்சட்டத்தை விரும்பி ஏற்பவர்களுக்கு மட்டும் உரியதாக ஆக்க இயலும் என்று சுட்டிக்காட்டினார்கள். திருத்தம் தோற்றாலும், சொல்லப்பட்ட கவலை சபையின் செவியில் விழுந்தது. நாட்டின் ஆவணத்தில் பதிவாயிற்று. பேசாமல் இருந்திருந்தால் அதுவும் நிகழ்ந்திராது.

அதனினும் கடினமான நாள் 1949 மே மாதத்தில் வந்தது. மதச் சிறுபான்மையினருக்கான இடஒதுக்கீட்டைச் சட்டமன்றங்களில் நீக்குவதெனச் சர்தார் பட்டேல் அவர்களின் தலைமையிலான ஆலோசனைக் குழு பரிந்துரைத்திருந்தது. இஸ்மாயில் சாஹிப் அவர்கள் தனித் தொகுதி முறை வேண்டுமெனத் திருத்தம் கொண்டுவந்தார்கள். எதிர்ப்பு பிறரிடமிருந்து மட்டும் வரவில்லை. பேகம் ஐஸாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்களே, ஒதுக்கீடு சமுதாயத்தைப் பெரும்பான்மையினரிடமிருந்து பிரித்து வைக்கும் என்று வாதிட்டனர். பட்டேல் அவர்கள் கடுமையாக மறுமொழி கூறினார்கள். திருத்தம் தோற்றது.

யார் கருத்து சரி என்று எழுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலான பின்பும் அறிஞர்கள் விவாதிக்கின்றனர். அதில் நாம் தீர்ப்புக் கூற முற்படவில்லை. நமக்கு வேண்டியது அடுத்து நிகழ்ந்ததுதான். தம் கருத்து தோற்ற சபையை அவர்கள் வெறுத்து ஒதுக்கவில்லை. 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் வந்தபோது அதே சபையில் எழுந்து தமிழின் தொன்மையை எடுத்துரைத்தார்கள். 1950 ஜனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் அவர்கள் கேட்ட தனித் தொகுதி இல்லை. ஆனால் சிறுபான்மையினர் தம் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமை 30ஆவது பிரிவாக இடம்பெற்றது. திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னைப் புதுக்கல்லூரியும் 1951இல் தோன்றின. நம் சமுதாயப் பிள்ளைகள் எத்தனை தலைமுறையாக அங்கே பயின்று வருகின்றனர் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

1952 முதல் 1958 வரை அவர்கள் மாநிலங்களவையில் அமர்ந்தார்கள். 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களில் மஞ்சேரித் தொகுதி மக்கள் அவர்களை மக்களவைக்கு அனுப்பினர். கூடலூரிலிருந்து நாடுகாணி மலைப்பாதையில் இறங்கினால் நிலம்பூர். அதனைக் கடந்தால் மஞ்சேரி. நம் ஜமாஅத்திலேயே அப்பக்கத்து உறவுகள் உள்ள குடும்பங்கள் உண்டு. அந்த மலையாள மண், திருநெல்வேலித் தமிழரைத் தன் பிரதிநிதியாக மும்முறை ஏற்றது. தனித் தொகுதி கேட்டுத் தோற்றவர், பொதுத் தொகுதியில் நின்று, அனைத்துச் சமய மக்களும் வாக்களிக்கும் தேர்தலில் வென்றார் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். தம் கருத்தை நிராகரித்த அரசியலமைப்பின் மீதே உறுதிமொழி எடுத்து, அதன் வழியிலேயே தம் சமுதாயத்திற்காக இறுதிவரை வாதாடினார்கள்.

1972 ஏப்ரல் 5ஆம் நாள் சென்னையில் அவர்கள் வஃபாத்தானார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்கள். சென்னைக்குச் செல்லும் நம் ஜமாஅத்தார் அங்கே சென்று ஃபாத்திஹா ஓதி வருவது நன்று.

நம் குறையும் நம் கடமையும்

இவற்றை எழுதும் நாம் மஷூராவில் தவறாதவர் அல்லர். பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் இமாமத் செய்த காலத்தில், மக்தபு நேரத்தை ஃபஜ்ரு தொழுகைக்கு அடுத்து மாற்றலாம் என்று ஜும்ஆவுக்குப் பின் நாமே அறிவித்தோம். ஆட்சேபம் உண்டா என்று கேட்டோம். அனைவரும் மௌனமாக இருந்தனர். பத்து நிமிடத்தில் முடிவாயிற்று. அதனை மஷூரா என்று நாம் எண்ணிக்கொண்டோம். பனி உறையும் மார்கழியில், இருட்டில், தேயிலைத் தோட்டங்களின் வரிசை வீடுகளிலிருந்து சிறு பிள்ளைகளை யார் அழைத்து வருவது என்று நாம் எண்ணவில்லை. அழைத்து வருபவர்கள் தாய்மார்கள். காலையில் கொழுந்து பறிக்கச் செல்பவர்கள். அவர்கள் ஜும்ஆவில் இல்லை. அவர்களிடம் எவரும் கேட்கவும் இல்லை. ஒரு மாதத்தில் பிள்ளைகளில் பாதிப் பேர் நின்றுவிட்டனர். நேரத்தை மீண்டும் மாற்றினோம். நின்ற பிள்ளைகள் சிலர் திரும்பவே இல்லை. அந்தக் கேள்வி மறுமையில் நம்மிடம் கேட்கப்படும் என்ற அச்சம் இன்றும் நமக்கு உண்டு.

மௌனம் சம்மதமாக இருக்கலாம், தயக்கமாகவும் இருக்கலாம். முன்பே முடிவு செய்துவிட்டுப் பிறரிடம் கேட்பது மஷூரா ஆகாது. அது தன் முடிவுக்குச் சாட்சிகள் தேடுவதாகும்.

எனவே வரவிருக்கும் பொதுக்குழுவிற்குச் சில கோரிக்கைகளை ஜமாஅத்தாரின் முன் வைக்கிறோம். சுவருக்கும் மாடிக்கும் ஆகும் செலவு, மலைப்பகுதிக் கட்டட விதிகளின்படி பெற வேண்டிய அனுமதி, மண்ணின் உறுதி பற்றிப் பொறியாளரின் கருத்து ஆகியவற்றைக் கூட்டத்திற்குப் பதினைந்து நாட்களுக்கு முன்பே எழுத்தில் அனைவருக்கும் தருமாறு நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். தெரியாத பொருளில் கேட்கப்படும் கருத்து வெறும் ஊகமாகவே அமையும். பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்களின் கருத்தையும், சரிவின் கீழே வீடு உள்ள பிற சமய அண்டை வீட்டாரின் கருத்தையும் முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். மண் சரிந்தால் முதலில் பாதிக்கப்படுவோர் அவர்களே. கூட்டத்தில் இளைஞர்களை முதலில் பேசவிடுங்கள். பெரியவர்கள் பேசிய பின் அவர்கள் வாய் திறக்கத் தயங்குவர். ஆலோசனை கேட்கப்பட்டவரிடம் அமானிதம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அவர் உள்ளதை மறைத்தாலும், சபையில் கேட்டதைத் தேநீர்க் கடையில் பரப்பினாலும் அமானித மோசடியே ஆகும்.

பேசி முடித்த பின் இஸ்திகாராத் தொழுது, அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்து முடிவெடுப்போம். சுவரைக் கேட்டவர் மாடிக்குச் செங்கல் சுமக்கட்டும். மாடியைக் கேட்டவர் சுவருக்கு நன்கொடை எழுதட்டும். கருத்து ஏற்கப்பட்டவர் பெருமை கொள்ளாமல், ஏற்கப்படாதவரின் கைபற்றி ஸலாம் சொல்லட்டும். தோற்றவரின் எச்சரிக்கையும் தீர்மானப் புத்தகத்தில் பதிவாகட்டும். நாளை அதுவே நமக்குப் பயன்படக்கூடும்.

உஹதில் தம் விருப்பத்திற்கு மாறான முடிவை ஏற்றுத் தோழர்களுக்கு முன்னே நடந்தார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். அந்த ஸுன்னத்தின் ஒரு சிறு நிழலையே காயிதே மில்லத் அவர்களின் வாழ்வில் காண்கிறோம். மனத்தில் உள்ளதை முழுமையாகச் சொல்வதும், சொன்னது ஏற்கப்படாதபோது சபையை விட்டு நீங்காதிருப்பதும் மஷூராவின் இரு கால்கள். ஒரு காலில் எந்த ஜமாஅத்தும் மலையேற முடியாது.

வல்ல ரஹ்மான் நம் உள்ளங்களை இணைப்பானாக! நம் பள்ளிவாசலையும் மதரஸாவையும் நம் மலையையும் அனைத்து ஆபத்துகளிலிருந்தும் காப்பானாக! மர்ஹூம் இஸ்மாயில் சாஹிப் அவர்களின் பிழை பொறுத்து, மேலான சுவனபதியை அருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.